இணையவழி இலவசக் கைமாற்றம்

வீட்டில் தேவை முடிந்துபோன, ஆனால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கக்கூடிய பொருள்களை இணையத்தில் அறிவித்து, முன்பின் அறியாதவருக்கு விலையின்றிக் கொடுத்துவிடும் வழக்கம் இணையவழி இலவசக் கைமாற்றம் ஆகும். தொட்டில், மேசை, மிக்சி, பாடநூல், சைக்கிள், பாத்திரம் என எதுவும் இதில் அடங்கும். கொடுப்பவர் படத்துடன் ஓர் அறிவிப்பை இடுவார். வேண்டுபவர்கள் கேட்பார்கள். கேட்டவர்களுள் ஒருவர் வீட்டுக்கு வந்து எடுத்துச் செல்வார். பணம் கைமாறாததால் இது விற்பனை அன்று. பதிலுக்கு வேறு பொருள் வராததால் பண்டமாற்றும் அன்று. இடையில் ஓர் அமைப்பு நின்று வாங்கி, தரம் பிரித்து, பிறருக்குக் கொடுப்பதில்லை என்பதால் நன்கொடை திரட்டலிலிருந்தும் வேறுபடுகிறது.

தமிழ்நாட்டில், குறிப்பாக ஆரணி போன்ற நடுத்தர ஊர்களில், இந்த வழக்கம் வேர்விடுவதில் தொழில்நுட்பம் பெரிய தடையாக இல்லை. கைப்பேசி பெரும்பாலான வீடுகளில் உண்டு. தடை, "முன்பின் அறியாதவர்" என்ற சொல்லில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, பழைய பொருள் இங்கு எந்தெந்த வழிகளில் வீட்டை விட்டு வெளியேறியது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பழைய பொருளின் பழைய வழிகள்

தமிழ் வீடுகளில் பழைய பொருள் எளிதில் "வேண்டாத பொருள்" ஆவதில்லை. பாட்டியின் நைந்த நூல்சேலை, பிறந்த குழந்தைக்கு முதல் துணியாகும், பிறகு தூளியாகும், பிறகு மெத்தை உறை, கடைசியில் அடுப்பங்கரைக் கரித்துணி. பட்டுச் சேலை கிழிந்தால் பேத்திக்குப் பட்டுப் பாவாடை. இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவதற்கும் தெருவில் விலை இருந்தது. பழைய இரும்புக்கும் ஈயத்துக்கும் பேரீச்சம்பழம் கொடுத்த தள்ளுவண்டிக்காரர், பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்த கூடைக்காரப் பெண், எடைக்கு எடை வாங்கும் பழைய பேப்பர் கடை, எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும் காயலான் கடை என்று ஒரு முழு வலையமைப்பே இயங்கியது. இவற்றில் பேரீச்சம்பழம் போய்விட்டது. மற்றவை ஏதோ ஒரு வடிவில் இன்றும் உள்ளன.

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணி, பட்டு நெசவுக்கும் அரிசிக்கும் பெயர் பெற்ற ஊர். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. இங்கே பழைய பொருளின் கணக்கில் இன்னொன்று சேரும்: ஜரிகை. மரபான ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றி, அதற்குத் தங்கப்பூச்சு ஏற்றியது. ஆகவே பழைய பட்டுச் சேலையை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுக்க முடியும். அதற்காகவே பழைய பட்டு வாங்குவோர் தெருத்தெருவாக வருகிறார்கள். நூல் நைந்திருக்கிறதா, சாயம் போயிருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பதில்லை. முந்தானையையும் கரையையும் கையில் தூக்கிப் பார்த்து, ஜரிகையின் எடைக்கு விலை சொல்வார்கள். வெள்ளி கலவாத போலி ஜரிகை என்றால் சேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இருபது முப்பது ஆண்டு பெட்டியில் வைத்துக் காத்த முகூர்த்தச் சேலை எந்த ஜரிகை என்பது சில வீடுகளில் அன்றுதான் தெரியவரும்.

பணம் வாங்காமல் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. ஆனால் அது சமமானவர்களுக்கு இடையில் இரு வகையாகவும், சமமற்றவர்களுக்கு இடையில் ஒரே வகையாகவும் நடந்தது. உறவினருக்குள் தொட்டிலும் நடைவண்டியும் சுற்றி வரும். அக்கம்பக்கத்தில் பத்தாம் வகுப்புப் பாடநூல் அடுத்த ஆண்டுப் பிள்ளைக்குப் போகும். இவை கடனும் கொடையும் கலந்தவை. யாரும் குனிய வேண்டியதில்லை. மற்றது, வீட்டு வேலை செய்பவர், துணி வெளுப்பவர், வயல் வேலை செய்பவர் ஆகியோருக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பழைய துணி கொடுப்பது. இதில் கொடுப்பவர் எப்போதும் கொடுப்பவராகவும், பெறுபவர் எப்போதும் பெறுபவராகவும் இருந்தார்கள். சாதிப் படிநிலையும் கூலிக் குறைவும் அந்தத் துணியோடு சேர்ந்தே கைமாறின. "அவர் உடுத்தி விட்டது" என்ற சொல் இன்றும் பலருக்குச் சுடுவதற்கு இதுவே காரணம். இலவசமாகக் கிடைக்கும் பொருளைக் கண்டு பெறக்கூடியவர் தயங்கினால் அதை வறட்டுக் கௌரவம் என்று ஒதுக்கிவிடுவது தவறு. அந்தத் தயக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு.

சொல்லாட்சியிலும் இதன் தடம் இருக்கிறது. 2006-ல் தமிழ்நாடு அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வழங்கியபோது அது "இலவச" தொலைக்காட்சி எனப்பட்டது. 2011-க்குப் பின் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கிய அரசு "விலையில்லா" என்ற சொல்லைத் தேர்ந்துகொண்டது. பொருள் ஒன்றே, ஆனால் பெறுபவரின் தலை எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது என்பதில் இரண்டு சொற்களுக்கும் வேறுபாடு உண்டு.

இணையத்தில் தோன்றிய விதம்

பொருளை அறியாதவருக்கு விட்டுச்செல்லும் எண்ணத்தை இணையத்தோடு இணைத்த முன்னோடிகளுள் ஒன்று 2001-ல் அமெரிக்காவில் தொடங்கிய புக்கிராசிங். படித்த புத்தகத்துக்கு ஓர் எண் இட்டு, பூங்காவிலோ பேருந்து நிலையத்திலோ வைத்துவிட்டு, அதை எடுத்தவர் யார் என்று இணையத்தில் பின்தொடர்வது அதன் முறை.

வீட்டுப் பொருள்களுக்கான பெரிய இயக்கம் ஃப்ரீசைக்கிள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரில், மறுசுழற்சிப் பணி செய்த ஓர் அமைப்பில் இருந்த டெரான் பீல், 2003 மே 1 அன்று இதைத் தொடங்கினார். அலுவலகங்கள் கழித்துவிட்ட நல்ல மேசை நாற்காலிகளைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு, வேண்டுபவர் யார் என்று ஒவ்வொரு தொண்டு நிறுவனமாக அலைந்து சலித்துப்போனதால், நண்பர்கள் சிலருக்கும் சில அமைப்புகளுக்கும் ஒரே மின்னஞ்சலில் செய்தி அனுப்பினார். அந்த மின்னஞ்சல் பட்டியலே நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஆயிரக்கணக்கான உள்ளூர்க் குழுக்களாக வளர்ந்தது. பொருள் இலவசமாக இருக்க வேண்டும், சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், எல்லா வயதினருக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்பவையே அதன் அடிப்படை விதிகள். நிர்வாகம் குறித்த கருத்து வேறுபாட்டால் 2009-ல் பிரித்தானியக் குழுக்கள் பல பிரிந்து ஃப்ரீகிள் என்ற தனி அமைப்பாயின. தொடக்கத்தில் பல குழுக்கள் யாஹூ குழுமங்களில் இயங்கின. அந்தச் சேவையே 2020 டிசம்பரில் மூடப்பட்டது. பிறர் நிலத்தில் கட்டிய வீட்டுக்கு உள்ள ஆபத்து இத்தகைய குழுக்களுக்கு எப்போதும் உண்டு. இன்று வாட்ஸ்அப்பையும் முகநூலையும் நம்பி இயங்கும் குழுக்களுக்கும் இது பொருந்தும்.

2013 ஜூலையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பெயின்பிரிட்ஜ் தீவில் ரெபெக்கா ராக்கஃபெல்லர், லீசல் கிளார்க் என்ற இரு பெண்கள் "பை நத்திங்" திட்டத்தைத் தொடங்கினர். நேபாள மலைக்கிராமங்களில் பொருள்கள் வீட்டுக்கு வீடு பகிரப்பட்டதைக் கிளார்க் கண்டிருந்தார். அது இத்திட்டத்துக்குத் தூண்டுதலாயிற்று. ஃப்ரீசைக்கிளின் நோக்கம் பொருள் குப்பைக்குப் போகாமல் தடுப்பது. பை நத்திங் திட்டமோ அண்டை வீட்டாரை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்த விரும்பியது. ஆகவே குழுவின் எல்லையை ஒரு சிறு வட்டாரமாகச் சுருக்கிவைத்தது. 2015-ல் இலண்டனில் தெசா கிளார்க், சாஷா செலஸ்டியல்-ஒன் ஆகியோர் தொடங்கிய ஓலியோ செயலி, மிஞ்சிய உணவைப் பகிர்வதில் ஆரம்பித்துப் பிறகு வீட்டுப் பொருள்களுக்கும் விரிந்தது.

இந்தியாவில் தனிச் செயலிகளைவிடக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களிலும் நகர முகநூல் குழுக்களிலும்தான் இது அதிகம் நடக்கிறது. இணையம் இல்லாத வடிவங்களும் வந்தன. ஈரானின் மஷ்ஹத் நகரில் 2015-ன் இறுதியில் தோன்றிய "அன்பின் சுவர்" என்ற முறை, வேண்டாததை ஆணியில் மாட்டிவிட்டுச் செல்லவும் வேண்டுபவர் கேட்காமலே எடுத்துச் செல்லவும் வழி செய்தது. அதே முறையில் 2017-ல் திருநெல்வேலியில், அப்போதைய மாவட்ட ஆட்சியர் சந்தீப் நந்தூரியின் முயற்சியில் "அன்புச் சுவர்" அமைந்தது. அதே ஆண்டு சென்னை பெசன்ட் நகரில் மருத்துவர் ஈசா பாத்திமா ஜாஸ்மின் "ஐயமிட்டு உண்" என்ற பொதுக் குளிர்பதனப் பெட்டியை நிறுவினார்; அங்கே உணவோடு துணி, பொம்மை, புத்தகம் வைக்கவும் அலமாரி உண்டு. 2023 மே மாதம் ஒன்றிய அரசின் "மேரி லைஃப், மேரா ஸ்வச் ஷஹர்" இயக்கத்தின் கீழ், பழைய துணி, காலணி, புத்தகம், நெகிழிப் பொருள்களைப் பெறும் மையங்களை நாடெங்கும் உள்ளாட்சிகள் திறந்தன.

கேளாமல் கொடுத்ததன் விளைவு

கொடுப்பவரின் விருப்பம் மட்டும் போதாது என்பதைத் தமிழ்நாடு 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கண்டது. நாடெங்கிலுமிருந்து பழைய துணிகள் லாரி லாரியாக நாகப்பட்டினம் கடற்கரைக்கு வந்து குவிந்தன. கம்பளிச் சட்டையும் கிழிந்த காற்சட்டையும் மீனவர்க்கு எதற்கு? வீடும் வலையும் படகும் இழந்தாலும், உழைத்து உண்டவர்கள் பிறர் உடுத்திக் கழித்ததை எடுக்க மறுத்தனர். துணிகள் சாலையோரங்களில் மழையில் நனைந்து கிடந்தன. அவற்றை அகற்றுவதே அரசுக்குத் தனி வேலையாயிற்று.

பின்னர் அந்தத் துணிகளைச் சேகரித்துப் பிரித்துப் பயன்படுத்தும் பணியில் கூன்ஜ் அமைப்பு இறங்கியது. அன்ஷு குப்தா 1999-ல் தில்லியில் தம் வீட்டிலிருந்து எடுத்த 67 துணிகளோடு தொடங்கிய அமைப்பு அது. அவருக்கு 2015-ல் மகசேசே விருது கிடைத்தது. ஊருக்குக் கிணறு, பாதை, குளம் என எதையாவது மக்கள் தம் உழைப்பால் செய்துகொண்டால், அதற்கு ஊதியம்போலத் துணி வழங்குவது கூன்ஜின் முறை. பிச்சையாக அன்றி வேலையின் பயனாகப் பெறும்போது அதே சட்டை வேறு சட்டையாகிவிடுகிறது.

இணையவழிக் கைமாற்றத்தின் சிறப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது. இதில் கேட்பவர் முதலில் கேட்கிறார். பிறகே பொருள் நகர்கிறது. நாகப்பட்டினத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு.

சிற்றூரில் அந்நியர் யார்?

சென்னையிலோ பெங்களூரிலோ மேசையை எடுக்க வருபவர் யார் என்று கொடுப்பவருக்குத் தெரியாது. மறுபடி அவரைப் பார்க்கப்போவதும் இல்லை. அந்த அறியாமையே பெறுபவருக்குக் காப்பு. 2011 கணக்கெடுப்பில் சுமார் 64,000 பேர் வாழ்ந்த ஆரணியில் இது நடவாது. "எந்தத் தெரு, யார் வீடு" என்ற இரண்டு கேள்விகளில் அந்நியர் அறிந்தவர் ஆகிவிடுவார். ஊர்க் குழுவில் ஒருவர் "எனக்கு வேண்டும்" என்று பதிவிட்டால், அதை அவர் தறி ஓட்டும் முதலாளியும், பெண் கொடுத்த சம்பந்தியும், எதிர்வீட்டாரும் படிப்பார்கள். கொடுப்பவருக்கும் இதே சங்கடம். பழைய பீரோவை இலவசமாகக் கொடுத்தால், கடனில் இருக்கிறாரா, வீட்டை விற்கிறாரா என்று பேச்சு எழும்.

இதைச் சரிசெய்யச் சில எளிய வழிகள் உண்டு. குழுவில் எல்லார் முன்பும் கேட்க வேண்டாம், கொடுப்பவருக்குத் தனிச்செய்தி அனுப்பலாம் என்று விதி வைப்பது முதல் வழி. குழுவை ஓர் ஊரோடு நிறுத்தாமல் ஆரணி, போளூர், செய்யாறு, ஆற்காடு, வேலூர் என்று விரித்தால் அறிமுகம் குறையும். ஆனால் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறும் பாடு கூடும். மூன்றாவது, எல்லாரும் கொடுக்கவும் கேட்கவும் செய்வது. வசதியுள்ளவரும் தயங்காமல் "பழைய பூந்தொட்டி யாரிடமாவது உண்டா?" என்று கேட்கும் குழுவில், கேட்பது ஏழ்மையின் அடையாளமாக இருப்பதில்லை. பை நத்திங் குழுக்கள் கேட்பதையும் கொடுப்பதற்கு இணையாக ஊக்குவிப்பது இதனால்தான். மூன்றில் இதுவே பயன் மிக்கது. ஆனால் இதற்கு விதி போட முடியாது, யாராவது தொடங்கிவைக்க வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. முந்திக் கேட்டவருக்கே என்று வைத்தால், கைப்பேசியை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கும் வண்டி வைத்திருப்பவருக்கும்தான் பொருள் போகும். குழித்தறியில் உட்கார்ந்தவர் கை ஒரு நிலையிலும் கால் ஒரு நிலையிலும் இருக்க, அறிவிப்பு வந்த ஐந்து நிமிடத்தில் பதில் போட முடியாது. ஆகவே ஒரு நாள் பொறுத்து, வந்த கேள்விகளிலிருந்து தேர்ந்தெடுப்பது நியாயமானது. தேர்ந்தெடுக்கக் காரணம் கேட்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. யார் அதிகம் கஷ்டப்படுகிறார் என்று போட்டி வைத்தால், பழைய வீட்டுத் திண்ணையில் நடந்தது கைப்பேசியிலும் நடந்துவிடும். எப்போது வந்து எடுக்க முடியும் என்று மட்டும் கேட்டு, பலர் இருந்தால் சீட்டுக் குலுக்குவது மேல்.

அறிவிப்பு எழுதுதல்

நல்ல அறிவிப்பு குறையை முதலில் சொல்லும். "தேக்கு நாற்காலி 2. ஒன்றின் கால் ஆடுகிறது, ஆணி அடித்தால் சரியாகும். மற்றதில் பிரம்பு அறுந்துள்ளது. முதல் மாடி, இருவர் வந்தால் இறக்கலாம். ஞாயிறு மாலைக்குள் எடுக்க வேண்டும்" என்பது போதும். "நல்ல நிலையில் உள்ளது" என்ற சொற்றொடருக்குப் பொருளே இல்லை. வீட்டு எண்ணைப் பொதுவில் இடக் கூடாது. ஆளைத் தேர்ந்த பின் அவருக்கு மட்டும் சொல்லலாம். தனியாக இருப்பவர்கள் பொருளை வாசலில் அல்லது பொது இடத்தில் வைத்துக் கொடுப்பது பாதுகாப்பு.

மோசடிகளின் அமைப்பு எளிது. இலவசம் என்று படம் போட்டு, கூரியர் கட்டணம் அல்லது முன்பதிவுத் தொகை கேட்டால் அது மோசடி என்றே கொள்ளலாம். "பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் குறியை ஸ்கேன் செய்து பின் எண்ணை இடுங்கள்" என்பதும் அதே வகை. யுபிஐ முறையில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. ஏமாந்தவர்கள் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

சட்டத்தின் பார்வையில் இது கொடை. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 122-ஆம் பிரிவின்படி, கொடை என்பது மறுபயன் இன்றித் தன்விருப்பமாகக் கொடுப்பதும் மற்றவர் அதை ஏற்றுக்கொள்வதும் ஆகும். அசையும் பொருளுக்குப் பத்திரம் தேவையில்லை. கையில் ஒப்படைத்தாலே கொடை முடிந்தது. எனவே பெற்றவர் அதைப் பின்னர் விற்றுவிட்டார் என்று சினம் கொள்வதில் பயனில்லை. விற்பனைக்காகவே பொருள் திரட்டுவோரைக் குழுக்கள் விலக்கிவைக்கலாம். ஆனால் கொடுத்த பொருளின் மேல் உரிமை கொண்டாட முடியாது.

கொடுக்கக் கூடாதவை

மருந்து, திறந்த அழகுப்பொருள், ஒருமுறை அடிபட்ட தலைக்கவசம், வால்வு பழுதான குக்கர் ஆகியவற்றைக் கொடுப்பது உதவியாகாது. சமையல் எரிவாயு இணைப்பு ஒருவர் பெயரில் பதிவானது. அதை விநியோகஸ்தர் வழியாகவே மாற்றவோ ஒப்படைக்கவோ வேண்டும். கைப்பேசியைக் கொடுக்கும் முன் கூகுள் கணக்கை நீக்கி முழுமையாக அழிக்க வேண்டும். நீக்காவிட்டால் பெற்றவர் அதைத் திறக்கவே முடியாது.

ஓடாமல் நிற்கும் மொபெட்டை "எடுத்துக்கொண்டு போப்பா" என்று கொடுத்துவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. இதில் ஆபத்து அதிகம். இலவசமானாலும் 29, 30 எண் படிவங்களை நிரப்பி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்ற வேண்டும். பதிவில் யார் பெயர் உள்ளதோ அவரே சட்டப்படி உரிமையாளர் என்றும், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றும் 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

அரசு கொடுத்த பழைய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. அவற்றின் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கும். காயலான் கடையில் செம்புக்காக அதை உடைப்பவர் அந்தத் தூளை மூச்சில் இழுக்கிறார். ஓடும் பெட்டியென்றால் சிறு கடைக்கோ காவலாளியின் அறைக்கோ கேட்பவர் இருக்கலாம். ஓடாததென்றால் அதைப் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள் மறுசுழற்சியின் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைக்கின்றன. போகியன்று தெருவில் எரிப்பதற்குப் போகும் டயர், நெகிழி, ரெக்சின் நாற்காலி ஆகியவற்றையும் யாரும் கேட்கப்போவதில்லை. அவை நகராட்சி வண்டிக்குரியவை. மரமும் நூல்துணியும் மட்டும் போகிக்கு ஒரு வாரம் முன்பே குழுவில் அறிவிக்கத் தக்கவை. அந்த வாரத்தில் எல்லா வீடும் ஒரே நேரத்தில் பரணை இறக்குவதால், கேட்பவரும் அப்போதுதான் அதிகம் கிடைப்பார்கள்.